கதிரைக் கணக்கு

மார்ச் இருபது, வெள்ளி. ஆறு மணிக்கு ஊரடங்கு என்றார்கள்.
இரண்டாம் காட்சியின் நடுவில் ஒத்திகை நின்றது.
ஜெசிந்தா ஒரு கடிதத்தைப் பிரிக்க வேண்டிய இடம்.
பிரிக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுச்
செருப்பைத் தேடினாள்.
"திங்கள் பாப்பம்" என்றேன்.
பொருளாளர் நான். நாள் குறிப்பதும் என் வேலைதான்.

உட்துறைமுக வீதியில், முன்பு ஐஸ் கம்பனியாக இருந்த கட்டடம்.
ஊருக்கு இன்றும் அது ஐஸ் கொட்டில்.
சுவருக்குள் உமி அடைத்திருக்கிறது.
மேடையில் பேசுவது வெளியே போகாது.
வெளியே நடந்தது
உள்ளே வராமல் இருந்ததில்லை.

ஏப்ரல். வரவு: இல்லை.
மின்சார சபை: நாலாயிரத்து இருநூற்றுப் பத்து.
மீற்றர் பார்க்க ஆள் வரவில்லை,
போன மாதத்தைப் பார்த்துப் போட்டிருந்தார்கள்,
நாங்கள் எரிக்காத விளக்குக்கு.
வாடகைக்குக் கிண்ணியாவிலிருந்து ஹாஜியார்
இரண்டு மாதம் போன் எடுத்து, அவசரமில்லை என்றார்.
மூன்றாம் மாதம் எடுக்கவேயில்லை.
அதுதான் கூச்சமாக இருந்தது.

பிள்ளைகளின் நடன வகுப்பு போனுக்குள் போனது.
பன்னிரண்டு வீட்டுத் தட்டடவு
பன்னிரண்டு நேரத்தில் வந்து சேர்ந்தது.
எல்லாரும் மைக்கை மூடுங்கோ என்றா நிவேதனா டீச்சர்.
பிறகு அவ மேசையில் தட்டிய தாளம் மட்டும்,
அதுவும் விட்டுவிட்டு.

கச்சான் காற்று பின்கதவைப் பெயர்த்த வாரம்
மான்கள் உள்ளே வந்திருக்கின்றன.
வெறிச்சோடிய ஊர் முழுக்க அவற்றுடையதுதானே அப்போது.
காட்சி மூன்றுக்கு அட்டையில் வெட்டிய காட்டில்
பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தன.
எங்கள் காட்டை நம்பிய முதல் பார்வையாளர்கள்.
புழுக்கையைக் கூட்டி அள்ளினேன்.
தும்புத்தடி ஒன்று, முன்னூற்றைம்பது.

டிசம்பரில் உவைஸின் உம்மா.
பத்தொன்பது வருஷம் எங்களுக்கு ஒளி போடுபவன்.
ஆஸ்பத்திரியிலிருந்து தகவல்தான் வந்தது.
மண்ணில் வைக்க விடவில்லை.
எரித்துவிட்டோம் என்றார்கள்.
அவன் வீட்டு வாசலில் ஐந்தடி தள்ளி நின்றேன்,
முகக்கவசத்துக்குள் வாய் ஏதோ சொன்னது.
அந்த மாதத்துப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த ஆண்டு, ஊசி வந்தது.
சுகாதாரப் பரிசோதகர் கதிரை கேட்டார்.
எண்பத்து நான்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.
எங்கள் மண்டபத்தில் ஒருநாளும் நிறையாத கதிரைகள்
பள்ளிக்கூட வளவில் விடியற்காலை ஐந்துக்கே நிறைந்தன.
முதுகில் சிவப்பு மையில் இலக்கம் போட்டு
எழுபத்தொன்பது திரும்பி வந்தன.
மண்ணெண்ணெயில் தேய்த்தும் இலக்கம் போகவில்லை.

நவம்பரில் திறக்கலாம், மூன்றில் ஒரு பங்கு ஆள் என்று விதி.
இருபத்தாறு பேர் வந்தார்கள்.
நாற்பத்தொன்றாம் கதிரையில் இருந்தவர்
இலக்கத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.
சிரிப்பு எழுந்தது, கவசங்களுக்குள்ளேயே சுற்றியது.

குத்துவிளக்கு துலக்கி, எண்ணெய் விட்டு,
திரி போட்டு, மேடையோரம் நின்றது. வழக்கம்.
தலைவரின் கையில் நெருப்புப்பெட்டி.
அவர் மேலே, உவைஸ் நிற்கும் தட்டைப் பார்த்தார்.
பெட்டியைப் பொக்கற்றுக்குள் போட்டார்.
யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.
இருட்டு கொஞ்சம் நீண்டது.
பிறகு நாலாம் இலக்க லைற்,
மெல்ல, மிக மெல்ல,
மேசையையும் கடிதத்தையும் கொண்டுவந்தது.

அதே கடிதம். இருபது மாத உப்புக்காற்றில்
உறை ஒட்டிப்போயிருந்தது.
ஜெசிந்தா நகத்தால் முயன்றாள். வரவில்லை.
கிழித்தாள்.
ஒத்திகையில் ஒருபோதும் கிழித்ததில்லை.
முன்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன்.
வரவு: இருபத்தாறு சீட்டு.
செலவு: நாளைக்கு
தபால் உறை ஒன்று, பத்து ரூபாய்.